பத்தாவதோடு நின்ற படிப்பு: 33 வயதில் நேராகப் பட்டத்தில் சேரலாமா?

நான்கு பக்கக் கடிதம், நோட்டுத்தாளில் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

எழுதியவர் 33 வயதுப் பெண். திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. 2008இல் பத்தாம் வகுப்பில் 500க்கு 409 வாங்கியவர். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த மூன்றாம் மாதம் அப்பா இறந்துவிட, படிப்பு நின்றுபோனது. இப்போது ஏழாவது படிக்கும் மகளுக்கு இவரே பாடம் சொல்லித்தருகிறார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேரும் சாயங்காலம் வந்து உட்கார்கிறார்கள். அதிலிருந்துதான் ஆசை பிறந்திருக்கிறது: தமிழ் ஆசிரியை ஆக வேண்டும், முடியாவிட்டால் ஏதாவது அரசு வேலைக்காவது போக வேண்டும்.

பேருந்து நிலையம் அருகே உள்ள ஒரு 'படிப்பு மையம்' இவருக்கு இரண்டு வழிகள் சொல்லியிருக்கிறது. ஒன்று, ப்ளஸ் டூ இல்லாமலே ஆறு மாத ஆயத்தப் படிப்பு, அதன்பின் மூன்றாண்டுப் பட்டம். இன்னொன்று, வட மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து 'ஒரே வருடத்தில் பி.ஏ.', பழைய தேதி போட்டு. மொத்தம் 48,000 ரூபாய். 8,000 முன்பணமாகக் கொடுத்தும் ஆகிவிட்டது. கம்பெனியில் கூட வேலை செய்யும் ஒருவர், ஓப்பன் யுனிவர்சிட்டி டிகிரி எதுவுமே செல்லாது என்று சொல்லிவிட, பயந்துபோய் எழுதியிருக்கிறார். கேட்டிருப்பவை: இதில் எது செல்லும்? முதலில் பட்டம் முடித்துவிட்டு ப்ளஸ் டூவைப் பின்னால் எழுதிக்கொள்ளலாமா? மாமியார் சொல்வதுபோல வயது போய்விட்டதா? கொடுத்த பணம் திரும்பி வருமா?

சகோதரி, நான் பணி தொடர்பான வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். என் மேசைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் எல்லாம் முடிந்தபின் வருபவர்கள். தேர்வெழுதி, மதிப்பெண் வாங்கி, சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியே அனுப்பப்பட்டபின் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு வருவார்கள். நீங்கள் சேர்வதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள். அதனால் உங்களுக்குப் பதில் எழுதுவது எனக்குச் சுலபம்.

அந்த ஒரு வருடப் பட்டம்

இதை இரண்டு வரியில் முடித்துவிடலாம். மூன்றாண்டுப் பட்டத்தை ஒரு வருடத்தில், அதுவும் பழைய தேதியில் தர எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அதிகாரம் இல்லை. அப்படி ஒரு தாள் உங்கள் கைக்கு வந்தால் அது போலி ஆவணம். அதை உண்மையென்று எங்காவது நீட்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 340ஆம் பிரிவின்படி குற்றம் செய்தவர் நீங்கள். விற்றவர் அதற்குள் கடையைப் பூட்டிக்கொண்டு போயிருப்பார். "எனக்குத் தெரியாது, ஏமாந்துவிட்டேன்" என்று சொல்லித் தப்பவும் வழியில்லை, ஏனென்றால் படிக்காமல் வாங்கினோம் என்பது வாங்கியவருக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேறொரு மாநிலச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம் தன் மாநில எல்லையைத் தாண்டி இஷ்டத்துக்கு மையம் திறந்து பட்டம் விற்க முடியாது. சத்தீஸ்கரில் வரிசையாக முளைத்த தனியார் பல்கலைக்கழகங்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005இலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. பேருந்து நிலைய மாடியில் ஃப்ளெக்ஸ் கட்டியவர் அதைப் படித்திருக்க மாட்டார்.

ஆயத்தப் படிப்பு வழி: செல்லும், ஆனால் எங்கே?

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். உங்கள் கம்பெனித் தோழர் சொன்னதும் தவறு, மையக்காரர் சொன்னதும் பாதிதான் சரி.

பள்ளிப் படிப்பை முடிக்காத பெரியவர்களுக்கும் பட்டப்படிப்பின் வாசலைத் திறந்துவிட வேண்டும் என்பது நல்ல எண்ணம்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 1985ஆம் ஆண்டு விதிகளே, முறையான படிப்பு இல்லாதவர் 21 வயது நிறைந்திருந்தால் நுழைவுத் தேர்வு எழுதித் தொலைநிலைக் கல்வியில் சேர இடம் கொடுத்தன. இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் இளநிலை ஆயத்தப் படிப்பு இந்த எண்ணத்தில் வந்ததுதான். அதை முடித்துவிட்டு அங்கேயே பி.ஏ. படித்தால் கிடைப்பது உண்மையான பட்டம். அதைப் போலி என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் ஆயத்தப் படிப்பு ப்ளஸ் டூவுக்கு இணை கிடையாது. அந்தப் பல்கலைக்கழகமே அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. தமிழ்நாட்டில் இது வெறும் பெயர் வித்தியாசமாக நின்றுவிடவில்லை. 2009இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் திறந்தநிலைப் பட்டம் ஒன்று பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இளநிலைப் பட்டமே இல்லாமல் நேராக முதுநிலைப் பட்டம் வாங்கிய ஒருவரின் அரசுப் பதவி பற்றிய வழக்கு அது. மானியக் குழுவின் விதியை மீறித் தரப்பட்ட பட்டத்தைப் பதவிக்கான தகுதியாகக் கொள்ள முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி தமிழ்நாடு அரசின் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை அரசாணை 107ஐ வெளியிட்டது. பத்தாம் வகுப்பு, அடுத்து ப்ளஸ் டூ, அதற்கப்புறம் பட்டம் என்று படித்தவர்களின் திறந்தநிலைப் பட்டங்கள் மட்டுமே அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படும் என்பது அதன் சாரம்.

பி.எட். சேர்க்கையிலும் இதே பத்து, கூட்டல் இரண்டு, கூட்டல் மூன்று என்ற கணக்குதான். சட்டப் படிப்புக்கும் அப்படியே. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள் அடிப்படைப் படிப்பு இல்லாமல் நேராக வாங்கிய திறந்தநிலைப் பட்டத்தை ஏற்பதில்லை.

அப்படியானால் இந்த வழி யாருக்கு? என் தூரத்து உறவினர் ஒருவர் ஓய்வு பெற்றபின் அறுபதைத் தாண்டிய வயதில் இந்த வழியாகச் சேர்ந்து, பேரன் கேலி செய்யச் செய்யப் படித்துப் பட்டம் வாங்கினார். பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த படம் இன்றும் அவர் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. அவருக்கு இது மிகச் சரியான வழி. சொந்தத் தொழில் செய்பவர், தனியார் நிறுவனத்தில் பட்டதாரி என்று காட்டினால் போதும் என்றிருப்பவர், படிப்பின் ருசிக்காகவே படிப்பவர் ஆகியோருக்கும் பொருந்தும். ஆனால் நீங்கள் கேட்பது ஆசிரியர் வேலை, அல்லது அரசு வேலை. சரியாக அந்த இரண்டு இடங்களில்தான் இது தடுக்கும். ப்ளஸ் டூவை மிச்சப்படுத்தப் போய், எதற்காகப் படிக்க நினைத்தீர்களோ அதையே இழந்துவிடுவீர்கள்.

'பின்னால் எழுதிக்கொள்ளலாமே?'

கடிதத்தில் நீங்கள் சாதாரணமாகக் கேட்டிருக்கும் இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மையக்காரரும் இதையே சொல்லியிருக்கிறார்: "டிகிரி ஓடிக்கிட்டு இருக்கட்டும், ப்ளஸ் டூவை நடுவுல எப்ப வேணா எழுதிக்கலாம்."

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வந்தார். எழுத்துத் தேர்வில் நல்ல இடம். சரிபார்ப்புக்குப் போனபோது, எதிரே உட்கார்ந்திருந்த அலுவலர் ஒவ்வொரு சான்றிதழாகப் புரட்டி ஆண்டை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தாராம். பத்தாவது 1999. பட்டம் 2006. ப்ளஸ் டூ 2011. மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியவர், நடுவில் இருந்ததைப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. மூன்று சான்றிதழும் அசல், மூன்றும் அவரே உழைத்து வாங்கியவை. வரிசை மட்டும்தான் தப்பு. வழக்குப் போட்டுப் பார்த்தோம், நிற்கவில்லை.

ஆக, ப்ளஸ் டூ தேர்ச்சிச் சான்றிதழின் தேதிக்குப் பிறகுதான் பட்டப்படிப்பில் சேரும் தேதி வர வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டுவதும் வேண்டாம். 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு படிப்புகள் படிக்க மானியக் குழு அனுமதித்திருக்கிறதே என்று யாராவது சொல்லலாம். அது கல்லூரிக் கல்வியில் இரண்டு படிப்புகளுக்கான அனுமதி; பள்ளிப் படிப்பின் இடத்தில் அதைக் கொண்டுவந்து வைக்க முடியாது.

ப்ளஸ் டூவை எங்கே முடிப்பது?

உங்களுக்கு இரண்டு நேரான வழிகள் உண்டு. இரண்டுக்கும் உயர்வயது வரம்பு கிடையாது.

முதல் வழி, மாநிலப் பாடத்திட்டத்திலேயே தனித்தேர்வராக எழுதுவது. இதை நடத்துவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். விண்ணப்பத்தை எந்தத் தனியார் மையத்திலும் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு கல்வி மாவட்டத்திலும் அரசுத் தேர்வுகள் சேவை மையம் என்று உண்டு, பெரும்பாலும் ஏதாவது ஓர் அரசுப் பள்ளியில் இருக்கும். அங்கே நேரில் போய் இணையவழியில் பதிவு செய்ய வேண்டும். நாளிதழில் அறிவிப்பு வரும், பத்துப் பதினைந்து நாள்தான் அவகாசம். தவறவிட்டால் தக்கல் என்று கூடுதல் கட்டணத்தில் இன்னொரு வாய்ப்பு தருவார்கள். ஒரு எச்சரிக்கை: பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2018இல் வந்தது, இப்போது 2025-26 கல்வியாண்டு முதல் அதை நீக்குவதாக அரசு அறிவித்துவிட்டது. அதனால் முன்பு எழுதிய அக்கா, அண்ணன் சொல்லும் நடைமுறையை அப்படியே நம்பாமல், நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையைக் கையில் வாங்கிப் படித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

பாடத் தேர்வில் ஒரு விஷயம். நேரடித் தனித்தேர்வர்கள் செய்முறைத் தேர்வு உள்ள பாடங்களை எடுக்க முடியாது. உங்களுக்கு அது இழப்பில்லை. தமிழ், ஆங்கிலத்தோடு வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல் போன்றவற்றை எடுக்கலாம். சிறப்புத் தமிழ் என்று ஒரு பாடம் இருப்பது பலருக்குத் தெரியாது; தமிழ் ஆசிரியை ஆக நினைப்பவருக்கு அதைவிடப் பொருத்தமானது எது? ஆங்கிலம்தான் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் காலத்தில் ப்ளஸ் டூவில் ஆங்கிலம் இரண்டு தாள். இப்போது ஒரே தாள்தான், நூற்றுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி. பத்தாவதில் 409 வாங்கியவருக்கு ஆறு மாதப் பயிற்சி போதும் என்றே நினைக்கிறேன். பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களையும் மகளோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

இரண்டாவது வழி, என்ஐஓஎஸ் எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1989 முதல் நடக்கும் மத்திய அரசு நிறுவனம். ஐந்து பாடம் போதும், அதில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும், 33 விழுக்காடு தேர்ச்சி. ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு வரும். ஒருமுறை பதிவு செய்தால் ஐந்தாண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்புகள். ஒரு தடவைக்கு ஒரு பாடம், இரண்டு பாடம் என்று உங்கள் ஷிஃப்டுக்கு ஏற்றபடி எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டுப் பொறுப்பு உள்ள பெண்களுக்கு இது பெரிய வசதி என்பதை மறுக்க மாட்டேன். ஆனாலும் உங்களுக்கு முதல் வழியையே சொல்வேன். காரணம், தமிழ்நாடு அரசுப் பணிக்கு இந்தச் சான்றிதழை ஏற்பது பற்றி முன்பு குழப்பம் வந்து, பலர் அலைய வேண்டியிருந்தது. மாநில வாரியச் சான்றிதழைப் பார்த்து இங்கே யாரும் எந்தக் கேள்வியும் கேட்க மாட்டார்கள்.

ஐடிஐ, பாலிடெக்னிக் வழிகளும் இருக்கின்றன. பத்தாவதுக்குப் பின் இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர்கள் மொழிப்பாடங்களை மட்டும் எழுதி ப்ளஸ் டூ இணைச் சான்றிதழ் பெறும் ஏற்பாடும் உண்டு. கையில் தொழில் வேண்டும் என்பவருக்கு நல்லது. உங்கள் நோக்கம் வேறு என்பதால் இதோடு விடுகிறேன்.

பட்டமும் பி.எட்.டும்

ப்ளஸ் டூ முடிந்தபின் கல்லூரிக்கு நேரில் போய்ப் படிக்க வயது வரம்பும் வேலையும் குறுக்கே நிற்கும். தொலைநிலைக் கல்விதான் நடைமுறைக்கு ஒத்துவரும். சென்னையில் 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் எல்லாம் இருக்கின்றன. மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் இணையதளத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் படிப்புக்கு எந்தக் கல்வியாண்டில் அனுமதி என்று பட்டியல் போடுகிறது. மூன்றையும் பாருங்கள்: பல்கலைக்கழகம், படிப்பு, ஆண்டு. பெயர் பெற்ற பல்கலைக்கழகமாக இருந்தாலும் போன வருடம் இருந்த அனுமதி இந்த வருடம் இல்லாமல் போகலாம். அனுமதி உள்ள தொலைநிலைப் பட்டம், கல்லூரியில் நேரில் படித்த பட்டத்துக்கு இணையானது என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் மீண்டும் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஓப்பன் யுனிவர்சிட்டி என்றாலே செல்லாது என்ற உங்கள் கம்பெனித் தோழருக்கு இதைக் காட்டலாம்.

பி.எட். விஷயத்தில் ஒரு தவறான கணக்கு உங்கள் கடிதத்தில் இருக்கிறது. பி.ஏ.வைப் போலவே பி.எட்.டையும் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தொலைநிலை பி.எட். ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கானது. புதிதாக வருபவர் இரண்டாண்டு கல்லூரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும், பள்ளிகளில் கற்பித்தல் பயிற்சியும் உண்டு. அந்த இரண்டு வருடம் கம்பெனிச் சம்பளம் நின்றுவிடும். இதை இப்போதே கணவரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். கடைசி நேரத்தில் பேசினால் சண்டையாகத்தான் முடியும். அப்புறம், பட்டத்தில் வெறும் தேர்ச்சி போதாது. மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள், உங்களுக்கு பி.எட். சேரக் குறைந்தது 43 விழுக்காடு வேண்டும். அதற்குப் பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வும் இருக்கிறது. நீண்ட பாதைதான், மறைக்க விரும்பவில்லை.

வயது போய்விட்டதா?

மாமியார் சொல்வதற்கு எண்ணிலேயே பதில் சொல்கிறேன். ப்ளஸ் டூவுக்கு இரண்டு ஆண்டு வைத்தால் 35. பட்டம் முடிக்க 38. பி.எட். முடிக்க 40. அரசுப் பள்ளி ஆசிரியர் நேரடி நியமனத்துக்கு உயர்வயது வரம்பை அரசு 2023இல் பொதுப் பிரிவினருக்கு 53 ஆகவும் மற்றவர்களுக்கு 58 ஆகவும் உயர்த்தியிருக்கிறது. இடம் கிடைப்பது வேறு விஷயம், போட்டி கடுமை. ஆனால் வயதைக் காரணம் காட்டி யாரும் உங்களை நிறுத்த முடியாது.

நீங்கள் யோசிக்காத ஒன்றும் இருக்கிறது. அரசு வேலைக்குப் பட்டம் கட்டாயம் என்று நினைத்திருக்கிறீர்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அந்தத் தகுதி உங்களிடம் 2008லேயே இருக்கிறது. இருநூறு கேள்விகளில் நூறு தமிழில் இருந்து. அந்தப் பகுதியில் 40 விழுக்காடு எடுத்தால்தான் மீதியைத் திருத்துவார்கள். தினமும் சாயங்காலம் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லித்தரும் உங்களுக்கு இது பழகிய களம்.

வயது அட்டவணையைப் படிக்கும்போது அதன் கீழே உள்ள குறிப்பையும் படியுங்கள். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், ஆதரவற்ற விதவையர் ஆகியோரில், கேட்கப்பட்ட குறைந்தபட்சப் படிப்பைவிடக் கூடுதல் படிப்பு உள்ளவர்களுக்கு உயர்வயது வரம்பு விலக்கப்படுகிறது. அதாவது ப்ளஸ் டூ தேர்ச்சி பெற்ற அன்றே குரூப் 4இல் வயதுப் பிரச்சினை உங்களுக்குத் தீர்ந்துவிடும். வெறும் படிக்கட்டு என்று நினைத்துத் தாண்டப் பார்த்தீர்களே, அந்த ப்ளஸ் டூவின் மதிப்பு இது. இடையில் வேலை கிடைத்துவிட்டால், சம்பளம் வாங்கிக்கொண்டே பட்டம் படிக்கலாம், துறைக்கு முறையாகத் தெரிவித்துவிட்டு.

சின்ன விஷயம், பெரிய தலைவலி: உங்கள் தலைப்பெழுத்து

கடிதத்தின் ஓரத்தில் குறிப்பாக எழுதியிருந்தீர்கள்: பத்தாவது மதிப்பெண் பட்டியலில் அப்பாவின் தலைப்பெழுத்து, ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் கணவருடையது. பெண்களுக்கு மட்டுமே வரும் வில்லங்கம் இது. ஆண் ஒருவரும் இதற்காக என்னிடம் வந்ததில்லை.

கல்யாணம் ஆனதால் சட்டப்படி பெயர் தானாக மாறுவதில்லை. மாற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. உங்கள் கல்வி வாழ்க்கைக்கு ஆணிவேர் அந்தப் பத்தாவது மதிப்பெண் பட்டியல்தான். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் இனிமேல் எல்லா விண்ணப்பங்களிலும் அதில் உள்ளபடியே எழுதுங்கள். ப்ளஸ் டூ விண்ணப்பத்துக்கு முன் ஆதாரை அதற்கு ஏற்பத் திருத்திவிடுங்கள். தொலைநிலைப் பட்டத்தில் சேர இப்போது ஆதார் வழியாக ஒரு மாணவர் எண் உருவாக்க வேண்டியிருக்கிறது, அதை டெப் ஐடி என்கிறார்கள். பெயர் பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். அந்த எண்ணை உங்கள் செல்பேசியில் நீங்களே உருவாக்குங்கள். ஓடிபியை எந்த மையத்துக்கும் சொல்லாதீர்கள்.

சாதிச் சான்றிதழும் அப்பா வழியில்தான், அப்பா பெயரில்தான். பழைய அட்டைச் சான்றிதழ் இருந்தால் இ-சேவை மையத்தில் இணையவழிச் சான்றிதழாகப் புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுத்த 8,000

ரசீது இல்லை, ஜிபே செய்தது மட்டும் இருக்கிறது என்கிறீர்கள். அதுவே சாட்சி. அந்தப் பரிமாற்றத்தின் படத்தையும் 'ஒரே வருடத்தில் பி.ஏ.' என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காமல் பத்திரப்படுத்துங்கள். முதலில் அந்தச் செய்திக்குக் கீழேயே, "எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம், முன்பணத்தை ஏழு நாளில் திருப்பி அனுப்புங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கத்துவதால் பயன் இல்லை. தரவில்லை என்றால் பக்கத்துக் காவல் நிலையத்தில் ஏமாற்றுக்கான புகார் கொடுக்கலாம். பெரும்பாலும் புகார் என்ற சொல்லைப் பார்த்ததுமே பணம் வந்துவிடும். அவர்களுக்கு அந்த 8,000ஐவிட ஃப்ளெக்ஸ் பலகை முக்கியம். வராமல் போனாலும் மீதி 40,000ஐக் கொடுக்காதீர்கள். 'ஏற்கெனவே கொடுத்துவிட்டோமே' என்ற நினைப்பில்தான் பலர் முழுத் தொகையையும் இழக்கிறார்கள். உங்கள் அசல் பத்தாவது மதிப்பெண் பட்டியலை அங்கே கொடுத்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொடுத்திருந்தால் பணத்துக்கு முன் அதைத் திருப்பி வாங்குங்கள். தர மறுத்தால் அதையும் புகாரில் சேருங்கள்.

அடுத்த வாரம் ஒரு நாள் கம்பெனிக்கு லீவு போட்டு, பதினொன்றாம் வகுப்பில் மூன்று மாதம் படித்தீர்களே, அந்தப் பள்ளிக்குப் போங்கள். பத்தாவது முடித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழை அங்கே கொடுத்துத்தான் சேர்ந்திருப்பீர்கள். அதனால் புதுச் சான்றிதழை அந்தப் பள்ளிதான் தர வேண்டும். தனித்தேர்வு விண்ணப்பத்துக்கு அதைக் கேட்பார்கள். சேர்க்கை எண் நினைவில்லாவிட்டால் பரவாயில்லை. 2008 ஜூன் என்ற விவரத்தையும் அப்பா பெயரையும் சொல்லுங்கள், பழைய பதிவேட்டில் தேடி எடுத்துவிடுவார்கள்.